ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்

கேள்வி: வயது 29. நிலாவெளியில் ஹோட்டல் வேலை. எட்டு நாளைக்கு முன் ஆணுறை இல்லாமல் ஒரு பெண்ணுடன் உறவு. சலம் போகும்போது எரிகிறது. பார்மசியில் கேட்டு நேற்று மூன்று குளிசை போட்டேன். அதற்கு முன்பே, ஐந்தாம் நாள், தனியார் லேப்பில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் நெகட்டிவ். அடுத்த வாரம் மனைவி மட்டக்களப்பிலிருந்து வருகிறார். இனிப் பயமில்லைதானே?

தம்பி, அந்த ரிப்போர்ட் உங்களுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. எச்.ஐ.வி. தொற்றியிருந்தாலும் ஐந்து நாளில் இரத்தத்தில் தெரியாது. இப்போதுள்ள நல்ல பரிசோதனைக்கே உறவுக்குப் பிறகு 45 நாள் ஆக வேண்டும். சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கு மூன்று மாதம் வரை பார்க்க வேண்டும். இது லேப்காரருக்குத் தெரியாததல்ல. பயந்து வருகிறவரிடம் 'முழுப் பக்கேஜ்' என்று காசு வாங்கிக்கொண்டு, திரும்ப எப்போது வர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புகிறார்கள். அப்படியொரு தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்த பையன் ஒருவன் என் மேசையில் அதை விரித்துக் காட்டினான். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதை நம்பி நாலு மாதம் ஒரு இடமும் போகாமல் இருந்திருக்கிறான்.

எரிவு வேறு கதை. கொனோரியா, கிளமிடியா என்ற பாலியல் நோய்கள் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அவற்றைச் சலத்திலோ சலவழியில் எடுக்கும் மாதிரியிலோ தேட வேண்டும், இரத்தத்தில் அல்ல. இரண்டும் மருந்தால் குணமாகக்கூடியவை. ஆனால் கொனோரியாவுக்குப் பல குளிசைகள் இப்போது வேலை செய்வதில்லை, பெரும்பாலும் ஊசிதான் போட வேண்டும். பார்மசிக் குளிசை எரிவை அடக்கினாலும், கிருமி உள்ளேயே கிடக்கலாம். பரிசோதனை முடிவையும் குழப்பும். இனி ஒன்றும் வாங்கிப் போடாதீர்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் எஸ்.டி.டி. கிளினிக்குக்கு, அதாவது பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போங்கள். கடிதம் தேவையில்லை, காசும் இல்லை, விஷயம் வெளியே போகாது. இதைச் சனத்துக்குச் சொல்லத்தான் ஆளில்லை. ஒரு வைத்தியசாலையில் துண்டு வெட்டும் இடத்தில் "என்ன வருத்தம்?" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரிக் கேட்டதில், ஒரு பிள்ளை அப்படியே திரும்பிப் போனதைப் பார்த்தேன். இலவச மருந்தை வைத்துக்கொண்டு வாசலிலேயே ஆளை விரட்டினால் யாருக்கு லாபம்? யாராவது கேட்டால் 'எஸ்.டி.டி.' என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை உள்ளே டாக்டரிடம் சொல்லலாம்.

இனி மனைவி. டாக்டர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம், முடியாவிட்டால் ஆணுறை கட்டாயம். அவர் கர்ப்பமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். கர்ப்பத் தொடக்கத்தில் கர்ப்பிணிகள் கிளினிக்கில் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்ப்பார்கள். அது நெகட்டிவ் என்பதால் அவர் தப்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து தொற்றினால் அந்தப் பழைய முடிவில் அது இருக்காது. சிபிலிஸ் வயிற்றிலுள்ள குழந்தைக்குப் போகும், குழந்தை இறந்தும் பிறக்கலாம். நேரத்துக்குப் பெனிசிலின் ஊசி போட்டால் தடுக்கலாம். அவர் கர்ப்பமென்றால் எஸ்.டி.டி. கிளினிக்கில் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நாளைக் காலையே போங்கள். போவதற்கு முன் இரண்டு மணித்தியாலம் சலம் கழிக்க வேண்டாம். குளிசை அட்டையை எறியாமல் கையோடு கொண்டு போங்கள்.