செயற்கை நுண்ணறிவு கதை எழுதுவதைப் பார்க்கும்போது ஓர் எழுத்தாளராக உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பயம். ஆனால் பிழைப்பு போய்விடும் என்கிற பயம் இல்லை. தமிழில் சிறுகதை எழுதி யாரும் பிழைப்பதில்லை.

பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். என் பெரியம்மா முப்பது வருடம் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டியவர். போன வருடம் ஒரு நாள், அவரைப் போன்ற ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதச் சொல்லிச் சாட்ஜிபிடியிடம் கேட்டேன். அரை நிமிடத்தில் வந்துவிட்டது. தமிழில் பிழை இல்லை. ஆனால் 'தீப்பெட்டித் தொழிற்சாலை' என்று இருந்தது. எங்கள் பக்கம் அது தீப்பெட்டி ஆபீஸ். பெண்கள் தூக்குவாளியோடு கிளம்பும்போது "ஆபீசுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். வீட்டில் ஒட்டுகிறவர்களுக்குக் குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி.

சரி, தெரியாததைச் சொல்லிக் கொடுப்போம் என்று ஆபீஸ், குரோஸ், மைதாப் பசை, அடிப்பெட்டி, மேல்பெட்டி எல்லாம் விளக்கினேன். மூன்றாவது முறை எழுதியதில் ஒரு வரி இருந்தது: 'விரலில் காய்ந்த பசையை நிலைப்படியில் தேய்த்துவிட்டுத்தான் அவள் பிள்ளையைத் தூக்கினாள்.'

படித்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தக் கையால் தூக்கி வளர்க்கப்பட்ட பிள்ளை நான். பெரியம்மா அப்படித்தான் தேய்ப்பார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இத்தனை வருடத்தில் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பொறாமைதான், வேறு பெயர் வைக்க முடியாது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் அந்த வரியைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார்.

"நிலைப்படியிலயா? வெள்ளிக்கெழமை மஞ்சள் பூசிக் கும்பிடுற இடத்துல எவளாவது பசையத் தேய்ப்பாளா? முந்தானையிலதான் தொடைப்பேன். துணி மொடமொடன்னு நிக்கும். நீதான் அதப் பிடிச்சு உருவிக்கிட்டே தூங்குவ."

முந்தானை உடனே ஞாபகம் வந்தது. விரலுக்கு அடியில் அந்த மொடமொடப்பு, புளித்த மாவு வாசம். என் பயம் இங்கேதான் இருக்கிறது. அந்த இயந்திரம் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. எங்கோ கிடந்த ஆயிரம் அம்மாக்களின் நிலைப்படிகளிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. அழகாக இருந்ததால் நான் அதை என் ஞாபகமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் என் பெரியம்மாவின் முந்தானை என் தலைக்குள் இல்லாமல் போயிருந்தது. அவரும் இல்லாத காலத்தில் நான் இதை யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன்?

இதற்காக, பயன்படுத்துகிற எல்லாரையும் குறை சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதகாவா இலக்கியப் பரிசு வாங்கிய எழுத்தாளர் ரியே குதான், தன் நாவலில் சுமார் 5 சதவீதம் சாட்ஜிபிடி எழுதிய வரிகள் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். நாவலுக்குள் ஒரு இயந்திரம் பதில் பேசுகிறது; அந்தப் பேச்சுக்கு இயந்திரத்தின் வரிகள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. கோபம் வருவது வேறு இடத்தில். 2025-ல் அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம், திருட்டு இணையதளங்களிலிருந்து புத்தகங்களை இறக்கியதற்காக எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். பணம் பெரிதுதான். ஆனால் எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

கேட்காமல் எடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். பெரியம்மாவைப் பற்றிய என் கதை 2011-ல் ஒரு சிற்றிதழில் வந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாமல் கூலியில் கொஞ்சத்தை அவர் ஒளித்து வைப்பதையும், எங்கே வைப்பார் என்பதையும் அப்படியே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். "இத ஏம்ப்பா ஊருக்கெல்லாம் சொல்ற?" என்றார். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நான் எழுத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டதை வேறு எங்கேயும் கற்கவில்லை. நான் எழுதினால் என்னிடம் கேட்க ஆள் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். நிலைப்படி என்று எழுதிய இயந்திரத்திடம் பெரியம்மா எங்கே போய்க் கேட்பார்?

அப்புறம் தொகுப்பில் சேர்க்கும்போது அனுமதி கேட்டேன். யோசித்துவிட்டு, "பணம் வச்சதப் போட்டுக்கோ. வச்ச எடத்த மட்டும் மாத்திப் போடு, இன்னமும் அங்கனதான் வைக்கேன்" என்றார். மாற்றினேன். அது எந்த இடம் என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை.