செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரை மாற்றும் முன்...

கேள்வி: என்னுடையது 2006 மாடல் பல்சர் 150. கிக் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. விடாமல் நான்கைந்து தடவை அழுத்தினால் சில நாள் திடீரென்று எடுக்கும். பேட்டரி சமீபத்தில்தான் மாற்றினேன். செல்ஃப் மோட்டாரே போய்விட்டது, புதுசு போடணும் என்கிறார் மெக்கானிக். போட்டுவிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 'டக்' மோட்டார் போடும் சத்தம் இல்லை, செல்ஃப் ரிலே, அதாவது பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச், போடும் சத்தம். அது கேட்கிறது என்றால் சாவி, ஃபியூஸ், பட்டன், கிளட்ச் சுவிட்ச் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் ஒயரைப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. கிக்கில் எடுப்பதால் இன்ஜினும் இறுகவில்லை. மிச்சம் இருப்பது தடி ஒயர் போகும் வழி மட்டும்தான்: பேட்டரி, ரிலே, மோட்டார், அப்புறம் மோட்டாரின் உடம்பிலிருந்து இன்ஜின் வழியாகத் திரும்பி வரும் எர்த் ஒயர்.

முதலில் வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, செல்ஃபை அழுத்தும்போது நியூட்ரல் லைட்டைப் பாருங்கள். லைட் சட்டென்று மங்கினால் கரண்ட் நிறையப் போகிறது, ஆனால் மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கிறது, இல்லாவிட்டால் பேட்டரிக்கே தெம்பு இல்லை. மங்கவே இல்லை என்றால் கரண்ட் வழியில் எங்கேயோ தடைபட்டு நிற்கிறது. நான்கைந்து தடவைக்கு ஒரு தடவை எடுக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் வண்டியில் இந்த இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்: ரிலேவுக்குள் கரண்ட்டை இணைக்கும் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது மோட்டாருக்குள் சுற்றும் பாகத்தைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கும்.

எது என்று தெரிந்துகொள்ள சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஆம்பியர் மட்டும் அளக்கப் போகாதீர்கள், அந்த மீட்டர் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் தாங்கும், செல்ஃப் இழுப்பது அதைவிடப் பல மடங்கு. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், செல்ஃப் அழுத்தும்போது 10-க்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் புது பேட்டரி என்று பார்க்காமல் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் ஆசிட் ஊற்றியதும் சரியாக சார்ஜ் ஏற்றாமல் கையில் கொடுத்துவிடும் கடைகள் உண்டு.

பேட்டரி சரியென்றால் ரிலேயில் தடி ஒயர் மாட்டியிருக்கும் இரண்டு நட்டிலும் மீட்டரின் இரண்டு முனையையும் வையுங்கள். செல்ஃப் அழுத்தாதபோது 12 வோல்ட் காட்டும், அது சரிதான், பயப்பட வேண்டாம். அழுத்தினால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். 'டக்' சத்தம் கேட்டும் 12-லேயே நிற்கிறது, இல்லை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறது என்றால் ரிலேதான் குற்றவாளி. மோட்டார் விலையோடு பார்த்தால் ரிலே விலை ஒன்றுமே இல்லை.

அடுத்தது எர்த். பழைய வண்டியில் பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளிப்பில் வேண்டாம். இன்னொன்றை மோட்டார் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றி, பச்சை பூத்ததை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

இத்தனையும் சரி, அழுத்தும்போது மோட்டார் நட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில் 11 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் புதுசு வாங்க ஓடாதீர்கள். பேட்டரி நெகட்டிவைப் பிரித்துவிட்டு மோட்டாரை வெளியே எடுத்து, உடம்பும் மூடியும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துக்கொண்டு பிரியுங்கள். கார்பன் தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங் அழுத்தியும் சுற்றும் பாகமான ஆர்மேச்சரைச் சரியாகத் தொடாமல் நிற்கும், உள்ளே முழுக்க கறுப்புத் தூள் அப்பியிருக்கும். கார்பன் செட் தனியாகவே கிடைக்கும். ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை நைஸான உப்புத்தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவில் உள்ள கோடுகளில் அடைந்த தூளை ஊசியால் நோண்டி எடுங்கள். மோட்டார் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள், பழசையே போட்டால் ஆயில் கசியும்.

மோட்டாரை ஸ்பானரால் ஓங்கித் தட்டி ஓட வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விட்டால் நல்ல மோட்டாரும் நிஜமாகவே போய்விடும்.

கேள்வி: பழைய புல்லட். செல்ஃப் அழுத்தினால் மோட்டார் 'விர்ர்' என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவே இல்லை. மோட்டாரில் என்ன கோளாறு?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மோட்டாரில் கோளாறு இல்லை. மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ஒரு பக்கம் மட்டும் பிடித்துச் சுற்றவைக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. இதற்கு சைடு கவரைத் திறந்தாக வேண்டும், பழகிய கையிடம் கொடுங்கள். மாற்றிய பிறகு பேட்டரியை எப்போதும் தெம்பாக வைத்திருங்கள். பேட்டரி இறங்கிய நிலையில் விடாமல் செல்ஃப் அடித்தால் இன்ஜின் பின்னுக்கு உதைக்கும், அந்த உதை முழுவதையும் வாங்குவது இந்த ஒன்வே கிளட்ச்தான். காலையில் இழுவை மந்தமாகத் தெரிந்தால் கிக்கில் எடுப்பது நல்லது.

கேள்வி: பட்டனை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தது. சாவியை அணைத்தும் நிற்கவில்லை. மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: ரிலேவுக்குள் காண்டாக்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. தடி ஒயர் சாவி வழியாகப் போவதில்லை, அதனால்தான் சாவிக்கு அது கட்டுப்படவில்லை. பேட்டரி நெகட்டிவ் ஒயரை உடனே கழற்றுங்கள், அது ஒன்றுதான் வழி. இறுகிய நட்டோடு அந்த நேரத்தில் மல்லுக்கட்ட முடியாது, ஆகவே பேட்டரி நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்று டூல் கிட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் அந்த ரிலே வேண்டாம், புதுசு போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.