மூன்று சுழி ‘ண’வும் மூன்று சென்டிமீட்டரும்

டாட்டூ: கேள்வி – பதில்

கேள்வி: மகளின் பெயர் ‘கிருஷ்ணவேணி’. மணிக்கட்டின் உள்பக்கம் 3 செ.மீ. நீளத்தில் மெல்லிய கோட்டில் போட ஆசை. பத்து வருடம் கழித்தும் படிக்க வருமா?
– வாசகி, சேலம்

வராது. ஆறு எழுத்தை 3 செ.மீ.க்குள் அடைத்தால் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 5 மி.மீ. தான் கிடைக்கும். அதில் மூன்று சுழி ‘ண’ இரண்டு முறை வருகிறது. அந்தச் சுழிகளுக்குள் ஒரு மி.மீ. இடம்கூடத் தேறாது.

மை தங்குவது மேல்தோலுக்குக் கீழே, ஏறக்குறைய 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் உள்ள உள்தோலில். அங்கே உடலின் பாதுகாப்புச் செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்திருக்கின்றன. ஒரு செல் செத்தால் துகளை அடுத்தது எடுத்துக்கொள்ளும். நாள்பட நாள்பட துகள்கள் பக்கவாட்டில் நகர்ந்து கோடு தடிக்கும். அரை மி.மீ. கோடு ஒருநாள் ஒரு மி.மீ. ஆகும் என்று எண்ணிக்கொண்டே வரைய வேண்டும். சுழி அடைந்துவிட்டால் ‘ண’ வெறும் கறுப்புத் திட்டு.

எழுத்தின் உயரம் குறைந்தது 12 மி.மீ., சுழிக்குள் 2 மி.மீ. வெற்றிடம். இந்தக் கணக்கில் பெயர் சுமார் 10 செ.மீ. நீளும், முன்கையில் நீளவாக்கில் போடலாம். அவ்வளவு பெரிதாக வேண்டாமென்றால் ‘வேணி’ மட்டும் போதும். தடித்தும் மெலிந்தும் ஓடும் அலங்கார எழுத்துருவைத் தவிர்த்து, ஒரே தடிமனில் ஓடுவதைத் தேர்ந்தெடுங்கள்.

‘ஷ்’ மேலுள்ள புள்ளியைக் கவனியுங்கள். 1.5 மி.மீ. அகலம், எழுத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி. ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் மை கொழுப்புப் படலம்வரை இறங்கி, சுற்றிலும் நீல நிழலாகக் கசியும். சின்ன வட்டம் போட்டு உள்ளே நிரப்பச் சொல்லுங்கள்.

ஸ்டென்சில், அதாவது தோலில் பதிக்கும் மாதிரிப் படம், ஒட்டுமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தமிழுக்கு அமைக்கப்படாத டிசைன் மென்பொருளில் ‘வே’யின் இரட்டைக் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் போய் நிற்பது அடிக்கடி நடக்கும் கூத்து. பிறகு, அசல் அளவில் அச்சடித்த தாளில், கோட்டைப் போல் இரு மடங்கு தடிமனுள்ள பேனாவால் அதன்மேலேயே எழுதிப் பாருங்கள். தாளில் எந்தச் சுழி மூடுகிறதோ, அதுதான் தோலிலும் முதலில் மூடும்.

கேள்வி: என் பாட்டியின் கையில் பச்சை குத்திய கோலம் கசிந்து பச்சையாகிவிட்டது. ஆனாலும் கோலம் புரிகிறது. அது எப்படி?
– வாசகர், தஞ்சாவூர்

இடைவெளிதான் காரணம். புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாகத் தோல் விட்டிருப்பார்கள். கோடு இரு மடங்கு ஆன பிறகும் நடுவில் வெற்றிடம் மிச்சம். உள்ளே இருப்பது பெரும்பாலும் கரிதான். தோலுக்கு அடியிலிருக்கும் கறுப்பு, ஒளிச்சிதறலால் நீலமாகவும் பச்சையாகவும் தெரியும். கையில் ரத்தக்குழாய் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். இன்று புதிதாக வரைபவர்கள் அந்தக் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையலாம்.

கேள்வி: தோளில் வெளிக்கோடே இல்லாமல், வாட்டர்கலர் மாதிரி வெளிர் ரோஜா நிறத் தாமரை வேண்டும். நான் மாநிறம்.
– வாசகி, கோவை

படத்தில் அழகு, தோலில் சந்தேகம்தான். மையின் நிறம், தோலுக்கு நிறம் தரும் மெலனினுக்குக் கீழே இருப்பதால், டிகாக்‌ஷன் நிறக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரியும். வெளிர் ரோஜா, மஞ்சள், வெள்ளை எல்லாம் மங்கி, ஆறிய காயத்தின் தழும்பு போலாகிவிடும். இதழ்களுக்குக் கறுப்பு வெளிக்கோடு, அடியில் சாம்பல் நிழல், பிறகு அடர் சிவப்பு அல்லது அடர் நீலம். மூன்றில் ஒரு பங்கு கறுப்பு, ஒரு பங்கு நிறம், ஒரு பங்கு வெறும் தோல் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. நிறம் போன பிறகும் தாமரையைத் தாங்குவது அந்தக் கறுப்புதான். ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு மை என்பதையும் மனதில் வையுங்கள். தோளிலும் மார்பிலும் காயம் பட்டால் தடித்த தழும்பு வரும் உடம்பென்றால், தோல் மருத்துவரைக் கேட்காமல் ஊசி வேண்டாம்.

ஆறும்வரை, அதாவது முதல் இரண்டு மூன்று வாரம், துணியால் மறையுங்கள். அப்புறம் வெயிலில் போனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

கேள்வி: கல்யாண மோதிரத்துக்குப் பதில் விரலைச் சுற்றி டாட்டூ?
– வாசகர், திருச்சி

விரலின் மேல்பக்கம் ஓரளவு நிற்கும். உள்ளங்கைப் பக்கம் திட்டுத்திட்டாக உதிரும். நிற்கட்டும் என்று ஆழமாகக் குத்தினால் கசிவு. போட்டே தீருவேன் என்றால் மேல்பக்கம் மட்டும், ஒரே தடிக் கோடு. ஆறு வாரம் கழித்து ஒருமுறை தொட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்தா கூலி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.