ஹவாயை அமெரிக்கா போரே இல்லாமல் பிடித்தது எப்படி? சர்க்கரை முதலாளிகள்தான் காரணமா?

சர்க்கரை இல்லாமல் இந்தக் கதையே இல்லை. ஆனால் "முதலாளிகள் லாபத்துக்காகப் பிடித்தார்கள்" என்று முடித்துவிட்டால் முக்கியமான பகுதி விடுபட்டுப்போகும்.

1875இல் ஹவாய் அரசர் கலாகாவா காலத்தில் அமெரிக்காவோடு ஒரு வணிக ஒப்பந்தம் ஏற்பட்டது. ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்காவில் சுங்க வரி கிடையாது. கரும்புத் தோட்டங்கள் மளமளவென்று பெருகின. சீனா, ஜப்பான், போர்ச்சுகல் என்று பல இடங்களிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தீவுகளின் பிழைப்பே ஒரே பயிர், ஒரே சந்தை என்றாகிவிட்டது. தோட்டமும் வணிகமும் யார் கையில்? பெரும்பாலும் வெள்ளையர்கள் கையில். அவர்களில் பலர், 1820 முதல் அங்கே வந்து குடியேறிய அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகள், பேரன்கள்.

1887இல் இந்தக் கூட்டம் ஆயுதப் படையைக் காட்டி மிரட்டி, அரசரிடம் புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கியது. அதற்கு 'பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) அரசியல் சட்டம்' என்றே பெயர். அரசரின் அதிகாரம் போயிற்று, ஆசியர்களுக்கு வாக்கும் இல்லை. அதே ஆண்டு பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனி உரிமை அமெரிக்கக் கடற்படைக்குக் கிடைத்தது.

1890இல் அமெரிக்கா எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரியை நீக்கிவிட்டு, உள்நாட்டு உற்பத்திக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் அறிவித்தது. ஹவாயின் சலுகை ஒரே நாளில் மதிப்பிழந்தது. அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டால் மானியம் நமக்கும்தான் என்ற கணக்கு பிறந்தது இதனால்தான் என்பார்கள். சரி, ஆனால் சர்க்கரை அரசன் என்று பேர் வாங்கிய கிளாஸ் ஸ்ப்ரெக்கெல்ஸ் இணைப்பை எதிர்த்தவர். அமெரிக்கச் சட்டம் வந்தால் ஒப்பந்தக் கூலி முறை போய்விடும் என்ற கவலை தோட்டக்காரர்களுக்கு இருந்தது. பின்னால் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பை முன்நின்று நடத்திய லாரின் தர்ஸ்டன் ஒரு வழக்கறிஞர். என்னைக் கேட்டால், 1887இல் பிடுங்கிய அதிகாரத்தைத் திரும்பக் கொடுக்க மனமில்லாததுதான் பெரிய காரணம்.

ஏனென்றால் கலாகாவாவுக்குப் பின் வந்த அரசி லிலியுவோகலானி, 1893 ஜனவரியில் அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெறத்தான் பார்த்தார். புதிய அரசியல் சட்டம் கொண்டுவருவேன் என்றார். உடனே 13 பேர் சேர்ந்து 'பாதுகாப்புக் குழு' அமைத்தார்கள். அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸ், பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து 162 வீரர்களை ஹொனலுலுவில் இறக்கினார். மறுநாள், ஜனவரி 17, அரசாட்சி ஒழிந்தது என்று அறிவிப்பு வந்தது. ரத்தம் சிந்த வேண்டாம் என்று அரசி விலகினார். ஆனால் அந்த 13 பேரிடம் பணியவில்லை, அமெரிக்காவின் படை பலத்துக்குத்தான் பணிகிறேன் என்று எழுதியே கொடுத்தார். கெட்டிக்காரி.

அதற்குப் பலனும் இருந்தது. புதிதாகப் பதவியேற்ற அமெரிக்க அதிபர் கிளீவ்லாந்து, கவிழ்த்தவர்கள் அமெரிக்காவோடு போட்டிருந்த இணைப்பு ஒப்பந்தத்தை செனட்டிலிருந்து திரும்பப் பெற்றார், விசாரணைக்கு ஆள் அனுப்பினார், நடந்தது அநியாயம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கே எழுதினார். ஆட்சியை அரசியிடம் ஒப்படையுங்கள் என்று கேட்டபோது, புதிய ஆட்சியின் தலைவர் சான்ஃபர்ட் டோல் சொன்ன பதிலைப் பாருங்கள்: எங்கள் உள்விவகாரத்தில் தலையிட அமெரிக்காவுக்கு உரிமையில்லை! அமெரிக்கப் படை வந்து நின்றதால் ஆட்சிக்கு வந்த ஆள் சொல்கிறார் இதை. அவர்களை விரட்டப் படை அனுப்பக் கிளீவ்லாந்து தயாராக இல்லை. விஷயம் அப்படியே கிடந்தது. 1894 ஜூலை 4 அன்று 'ஹவாய் குடியரசு' பிறந்தது, டோல் அதன் அதிபர். மறு ஆண்டு அரசி ஆதரவாளர்களின் கிளர்ச்சி தோற்றதும், அரசியை அவருடைய இயோலானி அரண்மனையிலேயே அடைத்து வைத்தார்கள்.

அமெரிக்காவின் அடுத்த அதிபர் மெக்கின்லி 1897இல் மீண்டும் இணைப்பு ஒப்பந்தம் போட்டார். ஹவாய் மக்கள் தீவு தீவாகப் போய் 21,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். மொத்த ஹவாய் இனத்தவரே அப்போது சுமார் 40,000 பேர்தான். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சேரவில்லை, ஒப்பந்தம் படுத்துவிட்டது.

அப்புறம் ஸ்பெயினோடு போர் வந்தது. 1898 மே மாதம், ஸ்பெயின் வசமிருந்த பிலிப்பைன்சின் மணிலாவில் அமெரிக்காவுக்கு வெற்றி. பசிபிக்கைக் கடக்கும் கப்பல்களுக்கு நிலக்கரி நிரப்ப இடம் வேண்டும் என்ற பேச்சு எடுபட்டது. ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். ஜூலை 7 அன்று மெக்கின்லி கையெழுத்திட்டார். ஆகவே உங்கள் கேள்விக்கு ஒரு திருத்தம்: ஹவாயில் போர் நடக்கவில்லையே தவிர, போர் இல்லாமல் இணைப்பு நடக்கவில்லை.

அரச நிலமும் அரசு நிலமுமாகச் சுமார் 18 லட்சம் ஏக்கர் அமெரிக்கா கைக்குப் போனது. 1993இல் காங்கிரஸ் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றி, கிளின்டன் கையெழுத்தும் போட்டார். இது எந்த உரிமைக் கோரிக்கைக்கும் தீர்வாகாது என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த நிலத்தை மாநில அரசு விற்கக் கூடாது என்று வழக்குப் போட்டவர்களிடம், மன்னிப்புத் தீர்மானம் அதைத் தடுக்காது என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.