எட்டாம் வகுப்பு பிராஜெக்டுக்கு மூல ஆவணங்கள்
அமெரிக்க அடிமை முறை ஒழிப்பு பற்றி மகளிடம் மூல ஆவணம் கேட்கிறார்கள், தேடினால் சுருக்கக் குறிப்புகள்தான் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டாக்ஸ்டீச் தளத்தைப் பாருங்கள், இலவசம்தான். அதில் 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்தை (அடிமைகளை விடுவிப்பதாக அதிபர் லிங்கன் வெளியிட்ட அறிவிப்பு) அவளையே வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள்: நியூ ஆர்லியன்ஸ் உட்பட லூசியானாவின் சில பகுதிகளை லிங்கன் பெயர் சொல்லியே விலக்கியிருப்பார், கென்டக்கி, மேரிலாந்து மாநிலங்களின் பேச்சே இருக்காது. ஏன் என்று தேடினாலே பாதி பிராஜெக்ட் முடிந்துவிடும். அப்புறம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற நூலகம்) தளத்தில், முன்னாள் அடிமைகளிடம் 1936-38இல் நேரில் கேட்டு எழுதிய 2,300க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கதைகள் இருக்கின்றன. கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அதை அவளிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சில பக்கங்கள் ரொம்பக் கொடுமையாக இருக்கும், கூடவே உட்கார்ந்து படியுங்கள்.