35 குடும்பங்கள் உள்ள சபையில் மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: குடியாத்தம் வட்டாரத்தில் 35 குடும்பங்கள் கொண்ட கிராமச் சபை ஒன்றுக்கு இரண்டாண்டுகளுக்கு முன் ஆயராக வந்தேன். ஆராதனை நேரத்தை முன்னதாக வைக்கவும், கீபோர்டுடன் புதிய பாடல்களைச் சேர்க்கவும் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை, ஆனால் எதுவும் நடக்கவில்லை. பல ஆண்டுகளாகப் பாட்டை எடுத்துக்கொடுக்கும் மூத்த அம்மா ஒருவர் என்னிடம் பேசுவதையே குறைத்துவிட்டார். வாலிபர்களோ வேறு ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள ஆயர் அவர்களுக்கு,

கமிட்டியின் மௌனத்தை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். சிறு சபையில் அது பெரும்பாலும் ஆயருக்குக் காட்டும் மரியாதை மட்டுமே. ஐம்பது பேர் கூடும் சபை ஒரு பெரிய குடும்பத்தைப் போலவே இயங்குகிறது. அங்கே முடிவு எடுக்கப்படும் இடம் பதிவேடு அன்று, ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்று பேசும் பேச்சும், இரண்டு மூன்று மூத்தவர்களின் தலையசைப்புமே. எனவே தீர்மானத்தைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு வீடுகளுக்குப் போங்கள்.

வேதாகமத்தில், எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்ட வந்த நெகேமியா அங்கே மூன்று நாள் இருந்தபின், தன் எண்ணத்தை ஒருவருக்கும் சொல்லாமல், இரவில் சிலரோடு போய் இடிந்த அந்த அலங்கத்தை (மதிலை) பார்வையிட்டார். அதன்பிறகே மக்களிடம் பேசினார். நீங்களும் கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இந்தச் சபையில் அவர்களுக்கு மறக்க முடியாத நாள் எது, வர விரும்பியும் வர முடியாதவர்கள் யார், ஏன் என்று மட்டும் கேளுங்கள். வாரத்தில் ஆறு நாளும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களுக்குத் துணி துவைக்கவும் வீட்டைப் பார்க்கவும் ஞாயிறு ஒன்றே கிடைக்கிறது. அவர்களைக் கேட்காமல் ஆராதனை நேரத்தைத் தொடக்கூடாது.

பாடலைப் பொறுத்தவரை, மூத்தவர்கள் காக்க நினைக்கும் மரபே ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது என்பதை அன்போடு நினைவூட்டலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இராகங்களில் பாடிய கீர்த்தனைகள், மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பின் வழியாகவே பல சபைகளின் பொது ஆராதனைக்குள் நுழைந்தன. நம் பகுதியில் அமெரிக்க மிஷனெரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனை நிறுவியதும் அதே ஆண்டில்தான். திருவிருந்தில் நாம் கைக்குக் கை சமாதானம் பகிர்வதுகூட, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950இல் வந்த புதிய ஆராதனை முறையினால் பரவிய வழக்கம்.

ஆகவே பழையதை எடுக்காதீர்கள், அதன்மேல் சேருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, அந்த அம்மாவே வாலிபர்களுக்கு ஒரு கீர்த்தனையைச் சொல்லிக்கொடுக்கட்டும். அவர்கள் அதைத் தபேலாவோடும் இரவல் வாங்கிய கீபோர்டோடும் பாடட்டும். அறுப்பின் பண்டிகை வரை மட்டும் செய்து பார்ப்போம், பிறகு கூடிப் பேசுவோம் என்று காலவரம்பு சொல்லிவிடுங்கள். புதுமைகள் எவ்வாறு பரவுகின்றன என்று ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் குறிப்பிட்ட ஐந்து தன்மைகளில், ஏற்கெனவே உள்ள வழக்கத்தோடு பொருந்துவதும், சிறு அளவில் சோதித்துப் பார்க்க இயல்வதும் அடங்கும். பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று தெரிந்தால் மூத்தவர்களின் அச்சம் பாதி குறையும்.

வட ஆற்காடு தெருக்கூத்தின் மண். பெரிய வெள்ளியன்றோ கிறிஸ்துமஸுக்கோ வேதாகமக் கதை ஒன்றைக் கூத்தாகக் கட்ட உங்கள் வாலிபர்களால் முடியும்; ஊர்ப் பேச்சிலேயே பாட்டும் எழுதட்டும். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில், எளிய மக்களின் பேச்சுமொழியில் ஆராதனைப் பாடல்களை இயற்றி இதற்கு வழி காட்டியிருக்கிறார். ஆனால் பறையைச் சேர்க்க நினைத்தால், முதலில் மூத்தவர்களிடம் பேசுங்கள். சாவு வீடுகளில் அடிக்கும்படி வற்புறுத்தப்பட்ட தலைமுறைக்கு அந்த ஓசை அவமானத்தின் நினைவாக இருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பெருமையாக இருக்கலாம். அந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன என்பதை நான் என் ஊழியத்தில் தாமதமாகவே புரிந்துகொண்டேன். கேட்காமல் மேடையேற்றி, ஒரு பெரியவரைக் கண்கலங்க வைத்தேன்.

வெளியே போகும் வாலிபர்களைப் பிரசங்கத்தில் கண்டிக்காதீர்கள். நாற்காலி போடவும் நட்சத்திரம் கட்டவும் மட்டும் அழைக்கப்படுகிறவர்களுக்குச் சபை தங்களுடையது என்று தோன்றாது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்கரானவர்கள் (கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள்) தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தபோது தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை சொன்ன தரப்பிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது எனலாம். நீங்களும் கணக்கையோ நோயாளிகளைச் சந்திக்கும் பணியையோ இரண்டு வாலிபர்களிடம் உண்மையான அதிகாரத்தோடு கொடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். கேட்காமல் தீர்மானம் கொண்டுவந்தது தவறு என்று சொல்லி, அவருக்கு மிகவும் பிடித்த கீர்த்தனையைப் பாடிக்காட்டச் சொல்லுங்கள். வாலிபர்கள் முதலில் கற்க வேண்டிய பாட்டு அதுதான்.