முதலில் ஃபில்லர், அப்புறம்தான் டிரெயின்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரகடத்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, சென்னை வேளச்சேரியில் வாடகைக்கு வீடு பிடித்து, 2010 மாடல் ஹோண்டா சிட்டி மேனுவல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். ஊரில் அப்பாவோடு போர்ச்சில் படுத்துக் கார் வேலை பார்த்த பழக்கத்தில், இங்கேயும் கியர் ஆயிலை மாற்றலாம் என்று இறங்கினால் ஃபில்லர் பிளக், அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடி, அசைய மாட்டேன் என்கிறது. அதற்குள் வாட்ச்மேன் வந்து, அவர் பின்னாலேயே அசோசியேஷன் செக்ரட்டரியும் வந்து, "ஏன் சார், மெக்கானிக் கிடைக்கலையா?" என்று கேட்டிருக்கிறார். பிளக்கை எப்படிக் கழற்றுவது, இந்த ஊரில் நம் காரை நாமே கை வைப்பது அவ்வளவு விசித்திரமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நானும் மலேசியாதான், ஈப்போக்காரன். கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வந்தவன். என் பிள்ளைகள் இப்போது இங்கே காலேஜ் போகிறார்கள். இரண்டுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும். முதலில் கார்.

பழைய ஆயிலை இறக்கும் கீழ்மூடியான டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன்பே ஃபில்லரை முயன்றீர்களே, அது நல்ல பழக்கம். அப்பாவிடம் கற்றதாக இருக்கும். பலர் ஆர்வத்தில் கீழே இருப்பதைக் கழற்றி ஆயிலை இறக்கிவிடுவார்கள். அப்புறம் மேல் பிளக் கழலாது. கியர்பாக்ஸ் காலி, ஊற்ற வழியில்லை, காரை ஓட்டவும் முடியாது, டோ வண்டிக்குத்தான் போன் போட வேண்டும். உங்கள் கியர்பாக்ஸில் பழைய ஆயில் இன்னும் இருக்கிறது. அதனால் அவசரமே இல்லை. இந்த வேலையில் பிளக்கின் தலை மழுங்குவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால் கழற்றுவது எளிது. கியர்பாக்ஸ் உறை அலுமினியம், பிளக் இரும்பு. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மரைக்குள் வெள்ளையாகப் பூத்துக் கெட்டியாகிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் நின்ற கார்களுக்குக் கடற்காற்றே போதும். இன்னொரு காரணம், முன்பு சர்வீஸ் செய்தவர் பழைய வாஷரையே போட்டு, ஒழுகாமல் இருக்க ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கியிருப்பார். இந்த வகைக் கியர்பாக்ஸ் பிளக்குகளுக்குச் சுமார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதாவது கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 16 கிலோ அளவுக்கு அழுத்தினால் சரி. நம் ஆட்கள் தொங்குகிற தொங்கலுக்கு அது மூன்று மடங்காகிவிடும்.

மூன்றாவது காரணத்தை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அப்போது நீங்கள் இங்கே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி தண்ணீரில் நின்றது. அடுக்குமாடிகளுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கில் நின்ற கார்கள் முழுகின. அவற்றில் எத்தனையோ கார்கள் கழுவித் துடைத்துக் கைமாறிவிட்டன. கியர்பாக்ஸின் மேல்பக்கம் காற்றுப் போக ஒரு சின்ன மூச்சுத்துளை உண்டு. கார் முழுகினால் தண்ணீர் அது வழியாக உள்ளே போகலாம். பிளக் கழன்றதும் சுண்டு விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது வயசு. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி இறக்கி, நிறம் தெளியும் வரை மாற்ற வேண்டும். கார் விற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் அப்போது உங்களுக்கே தோன்றும்.

சரி, கழற்றும் வேலை. ஹோண்டாவின் பெரும்பாலான மேனுவல் கியர்பாக்ஸ்களில் ஃபில்லர் என்பது 17 எம்எம் தலையுள்ள போல்ட். டிரெயினில் சதுரக் குழி இருக்கும், 3/8 இன்ச் ராட்செட்டின் முனை நேரே உள்ளே உட்காரும். ஃபில்லருக்குப் பன்னிரண்டு மூலை சாக்கெட்டைத் தொடவே வேண்டாம், ரிங் ஸ்பேனரும் வேண்டாம். ஆறு மூலை சாக்கெட் வாங்குங்கள். கார் பார்ட்ஸ் கடைகள் உள்ள ஜிபி ரோட்டில் கேட்டால் கிடைக்கும், பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். தப்பாரியா போன்ற பெயருள்ள சாமானாக எடுங்கள். பிளாட்பாரத்தில் குவித்து விற்கும் செட்டு, இறுகிய பிளக்கில் முதலில் தானே வாயைப் பிளக்கும். சதுரக் குழிக்கும் அதே கதை: தேய்ந்த ராட்செட் முனை உள்ளே சுற்றிக் குழியை வட்டமாக்கிவிட்டால் அப்புறம் வெல்டிங்தான். ராட்செட்டுக்குப் பதிலாக, சாக்கெட்டை மாட்டித் திருப்பும் நீளமான கைப்பிடியான பவர் பார் நல்லது.

முதலில் கம்பி பிரஷ் போட்டு பிளக்கைச் சுற்றி மண்ணை எடுங்கள். டிரெயின் குழிக்குள் சேறு கல்லாகக் கெட்டியாகியிருக்கும், ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்தால்தான் முனை முழு ஆழத்துக்குப் போகும். துரு ஸ்பிரேயை பிளக் உறையைத் தொடும் விளிம்பில் அடித்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். மெக்கானிக்குகள் டீசல் கூடத் தடவுவார்கள். மறுநாள் சாக்கெட்டை மாட்டுவதற்கு முன் பிளக்கின் தலை நடுவில் ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு, ஓங்காமல் நறுக்கென்று. மரைக்குள் பூத்திருப்பது அந்த அதிர்ச்சியில் உடையும். உறையில் மட்டும் அடி படக் கூடாது, அலுமினியம் விரிசல் விட்டால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியிருக்கும்.

திருப்பும் திசையையும் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். பிளக்கின் முகத்தைப் பார்த்தபடி இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும். அடியில் படுத்துக் கையை வளைத்து வேலை செய்யும்போது இது தலைகீழாகத் தோன்றும். கழற்றுவதாக நினைத்து முறுக்குகிறவர்கள் உண்டு. வேண்டுமென்றே இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம் இழுப்பது வேறு விஷயம், அது நல்ல உத்தி. மெதுவாக ஏறும் இழுவையைவிடப் பவர் பாரின் முனையில் உள்ளங்கையால் வெட்டி இழுப்பது பலன் தரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சூடு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் துளை பிளக்கைவிட அதிகம் பெரிதாகும். ஒரகடம் போய்த் திரும்பி வந்த கையோடு முயன்றாலே கொஞ்சம் உதவும் (கை சுடும், கையுறை போடுங்கள்). போதாவிட்டால் ஹீட் கன்னை உறையின் மேல் காட்டுங்கள், பிளக்கின் மேல் காட்டினால் அது விரிந்து இன்னும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அடித்த ஸ்பிரேயே பற்றிக்கொள்ளும் சாமான், அதனால் அதை நன்றாகத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். தீ வேண்டவே வேண்டாம். மேலே பெட்ரோல் ஹோஸ் இருக்கிறது, உங்கள் தலைக்கு மேல் நாலு மாடிக் குடும்பங்கள் இருக்கின்றன. செக்ரட்டரி கோபப்படுவதில் அந்த ஒரு விஷயத்தில் நியாயம் உண்டு.

இன்னொன்று, காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள். கழலாத பிளக்கை இழுக்கும் இழுவையில் காரே ஆடும். ஸ்டாண்ட் இல்லாமல் செங்கல் வைத்துச் சமாளிப்பவர்களை இங்கே பார்ப்பீர்கள், பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. விசித்திரம் இல்லை, தம்பி, ஆனால் இடம் வேறு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு போர்ச் உண்டு, கேட்டைச் சாத்திவிட்டால் நம் ராஜ்யம். இங்கே ஸ்டில்ட் பார்க்கிங் பொதுச் சொத்து, ஆயில் ஒரு சொட்டு விழுந்தால் அது நாற்பது வீட்டு விவகாரம். தரையும் சரிவாக இருக்கும், காரோ சமமாக நின்றால்தான் ஆயில் அளவு சரியாகத் தெரியும். ஆனால் கிள்ளானில் இல்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது: எந்தத் தெருவில் இறங்கினாலும் குழியோ லிஃப்ட்டோ வைத்த மெக்கானிக் ஷெட் நடக்கும் தூரத்தில் இருக்கும். என் பழக்கம், அங்கே போய்க் கூட நின்று செய்வது. ஆயில், வாஷர் நான் வாங்கிப் போவேன், குழிக்கும் கூலிக்கும் காசு அவருக்கு. காலையில் முதல் ஆளாகப் போனால் முகம் சுளிக்க மாட்டார்கள். "அண்ணே, ஃபில்லர் கழன்றால்தான் டிரெயினில் கை வைக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். விவரம் தெரிந்த ஆள் என்று அதிலேயே மரியாதை வந்துவிடும். "கியர்பாக்ஸை இறக்கணும் சார்" என்று எடுத்தவுடன் சொல்பவரிடம் டீயைக் குடித்துவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போங்கள்.

ஷெட்டில் ஏர் கன் இருந்தால் கழற்ற அதைத் தாராளமாக விடலாம், தட்டித் தட்டித் திருப்பும் அந்த அதிர்ச்சி மனிதக் கையால் வராது. திரும்ப மூடும்போது மட்டும் அந்த கன்னைப் பக்கத்தில் விடாதீர்கள். தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பார்ப்பார்கள், இல்லையேல் தலையின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்துச் சுற்றுத் திசையில் தட்டுவார்கள். கடைசி வழி, தலைமேல் ஒரு நட்டை வெல்டு வைப்பது. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் ஆரம்பிக்க விடாதீர்கள். மாற்றுப் பிளக் கையில் இல்லாமலும் இதில் இறங்க வேண்டாம். புதிது ஜிபி ரோட்டில், பழையது புதுப்பேட்டையில்.

எதற்கும் கழலாத ஃபில்லர் என்றால் அதை அப்படியே விட்டுவிடவும் வழி உண்டு. பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸ் லைட் சுவிட்ச்சைக் கழற்றினால் அந்தத் துளை வழியாக ஹோஸ் வைத்து ஊற்றலாம். ஆயில் அளவு பார்ப்பதும் ஃபில்லர் துளையில்தான், அது மூடியே இருப்பதால், இறங்கிய ஆயிலை அளந்து, கார் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டு ஊற்ற வேண்டும். அந்தச் சுவிட்ச் கழலுமா என்பதையும் டிரெயினைத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆயில் விஷயத்தில் மெக்கானிக் சொல்வதைக் கேட்காதீர்கள். "90 ஆயில் ஊத்திடலாம் சார், கெட்டியா நிக்கும்" என்பார். உங்கள் காருக்கு ஹோண்டாவின் எம்டிஎஃப் என்ற மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்தான், அது அதைவிட மெல்லியது. கெட்டி ஆயில் போட்டால் காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம் எழுதிய டப்பாக்களில் பல, கியர் மாறும்போது உரசும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. டீலரின் ஸ்பேர் கவுண்டரில் பில்லோடு வாங்குங்கள், இரண்டு பிளக்குக்கும் புது வாஷரையும் அங்கேயே கேளுங்கள். வாஷரின் விலை ஒன்றுமில்லை, இந்தத் தலைவலி பாதி அதில்தான் தொடங்குகிறது.

டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை வேண்டாம், சில்லு சில்லாக உலோகம் இருந்தால் கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இறக்கிய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்ற ஷெட்டில் யாராவது சுலபமாக யோசனை சொல்வார்கள். வேண்டாம், கழிவு ஆயிலுக்கென்று அங்கேயே ஒரு டிரம் நிற்கும், வாங்கிப் போக ஆள் வரும். வீட்டுக்கு வந்ததும் கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு இருந்தால், செக்ரட்டரி எழுந்திருப்பதற்குள் ஷெட்டுக்கே திரும்பப் போய்விடுங்கள்.